சம்பளச் சீட்டு எங்கே, முதலாளி?

உழைக்கும் தமிழ்க் குடும்பங்களே!

கிரெடிட் கார்டுக்கு மனுப் போட்ட நம்மவர்களில் பலருக்கு வங்கியிலிருந்து வருகிற பதில் ஒன்றுதான்: "வருமானச் சான்று போதவில்லை." இருபது வருடம் கையுறை தொழிற்சாலையில் நின்றவருக்கும் இதே பதில். பள்ளிக்கூடக் கக்கூஸைக் கழுவிக் கழுவிக் கை வெந்துபோன அம்மாவுக்கும் இதே பதில். இரவெல்லாம் கண் விழித்து அடுத்தவன் கட்டடத்தைக் காவல் காத்தவருக்கும் இதே பதில்.

இவர்களுக்கு வருமானம் இல்லையா? இருக்கிறது. மாதா மாதம் உழைத்து வாங்குகிறார்கள். வருமானத்தைக் காட்டுவதற்குக் காகிதம்தான் இல்லை. அந்தக் காகிதம் ஏன் இல்லை? அதை யார் கொடுத்திருக்க வேண்டும்? கொடுக்காதவனை யார் கேட்டிருக்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளையும் நம் தலைவர்கள் எழுப்புவார்கள் என்று காத்திருந்தது போதும். நாமே எழுப்புவோம்.

வங்கி என்ன கேட்கிறது?

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். கார்டு கேட்டுப் போகிற சம்பளக்காரரிடம் வங்கி பொதுவாகக் கேட்பது இவைதான்: அடையாளக் கார்டின் இரண்டு பக்க நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் வந்து இறங்கிய வங்கிக் கணக்கறிக்கை, ஊழியர் சேமநிதி அறிக்கை, வருமான வரிக்கான இஏ பாரம் அல்லது பிஇ பாரம். எல்லா வங்கியும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. ஆனால் சம்பளச் சீட்டையோ சேமநிதி அறிக்கையையோ கேட்காத வங்கி அரிது. சொந்தத் தொழில் செய்கிறவர் என்றால் நிறுவனப் பதிவுப் பத்திரமும் பல மாத வங்கிக் கணக்கறிக்கையும் வேண்டும்.

இப்படிக் கேட்பது தவறா? இல்லை. இதை நாம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வருமானத்தைப் பார்க்காமல் கடன் கொடுப்பவன் நம் நண்பன் அல்ல. கார்டுக் கடனில் மாட்டிக்கொண்டு திவாலான இளைஞர்களை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2006-ல் பேங்க் நெகாரா ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை ஏற்படுத்தியது, கடனில் தவிப்பவர்கள் பெருகியதால்தான். 2011-ல் கார்டு விதிகளை அது இறுக்கியது. வருடத்துக்கு 24,000 வெள்ளியாவது சம்பாதிக்காதவருக்குக் கார்டு இல்லை. 36,000 வெள்ளியும் அதற்குக் கீழும் சம்பாதிப்பவர் இரண்டு நிறுவனங்களின் கார்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் அவருக்குக் கொடுக்கும் கடன் அளவு மாதச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. 2012 தொடக்கத்தில் பொறுப்பான கடன் வழங்கும் விதிமுறைகளும் நடைமுறைக்கு வந்தன. வாங்குகிறவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்க வேண்டும்.

இந்த விதிகள் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு கதவுக்குப் பூட்டுப் போட்டால் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

சாவி முதலாளி கையில்!

சம்பளச் சீட்டு என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தீபாவளி அன்பளிப்பு அல்ல. அது சட்டம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1957-ல் எழுதப்பட்ட ஒழுங்குமுறைகள், சம்பளத்தின் விவரத்தைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கின்றன. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு, எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று தெரிய வேண்டும். நாடு சுதந்திரம் பெற்றதும் 1957-ல்தான். நாட்டுக்கும் இந்த விதிக்கும் ஒரே வயது. நாட்டின் பிறந்த நாளுக்கு வருடா வருடம் கொடி ஏற்றுகிறோம். இந்த விதியை ஏற்றி வைக்க ஒரு கம்பம் கிடைக்கவில்லையா?

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும் என்பதும் அதே சட்டம். சேமநிதிக்குப் பிடித்த பணத்தோடு முதலாளி தன் பங்கையும் சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது சேமநிதிச் சட்டம். பிப்ரவரி முடிவதற்குள் இஏ பாரத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம்.

வங்கி கேட்கிற காகிதங்களைத் திரும்பப் பாருங்கள். சம்பளச் சீட்டு, சேமநிதி, இஏ பாரம், கணக்கில் விழுந்த சம்பளம். ஒவ்வொன்றையும் சட்டப்படி உண்டாக்க வேண்டியவன் முதலாளி. அவன் உண்டாக்கவில்லை. அதற்குத் தண்டனை யாருக்கு? தொழிலாளிக்கு! சட்டத்தை மீறியவன் மெர்சிடிஸில் போகிறான். மீறப்பட்டவர் வங்கியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார். இது என்ன நியாயம்?

"சம்பளம் கையில் ரொக்கமாக வாங்கிக்கொள், சேமநிதி பிடித்தம் இல்லை, உனக்கு லாபம்" என்று சொல்கிற கண்ட்ராக்டர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நம் ஆட்களும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டாம். தமிழில் பேசி, கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்து, தொழிலாளியின் எதிர்காலத்தை உருவிக்கொள்கிறவன் தமிழன் என்பதால் நாம் வாய் மூடிக்கொள்ள முடியாது.

கணக்குப் பாருங்கள். 1,700 வெள்ளி சம்பளத்தில் தொழிலாளியின் சேமநிதிப் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. பிடித்தம் இல்லை என்று சந்தோஷப்படுகிறவர் மாதம் 187 வெள்ளியைக் கையில் பார்க்கிறார். ஆனால் 221 வெள்ளியை முதலாளிக்குத் தானமாகக் கொடுக்கிறார். வருடத்துக்கு 2,652 வெள்ளி! அதோடு வயதான காலத்துச் சேமிப்பும் போயிற்று, வங்கிக்குக் காட்ட வேண்டிய சான்றும் போயிற்று.

ஓவர்டைம் எங்கே மறைந்தது?

சட்டப்படி எல்லாவற்றையும் செய்கிற முதலாளியிடம் வேலை பார்த்தாலும் இன்னொரு குழி இருக்கிறது. இதை நம்மவர்களில் பலர் அறியமாட்டார்கள்.

சேமநிதிச் சட்டத்தின்படி ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. அதனால் சேமநிதி அறிக்கையில் ஓவர்டைம் தெரியாது. ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்கும் பிறகு 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 சென். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 சென். மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் ஏறக்குறைய 735 வெள்ளி. ஆக மாத வருமானம் 2,435 வெள்ளி. வருடத்துக்கு 29,000 வெள்ளிக்கு மேல். பேங்க் நெகாரா சொல்லும் 24,000 வெள்ளியை அவர் தாண்டிவிட்டார்.

ஆனால் அவருடைய சேமநிதி அறிக்கையில் என்ன இருக்கும்? மாதம் 187 வெள்ளி. அதைப் பார்த்து வங்கி அதிகாரி திரும்பக் கணக்குப் போட்டால் கிடைப்பது 1,700. வருடத்துக்கு 20,400. "மன்னிக்கவும், தகுதி இல்லை."

குடும்பத்தைவிட்டு, தூக்கத்தைவிட்டு, பிள்ளையின் பள்ளி விழாவையும் விட்டுச் செய்த 60 மணி நேரம் காகிதத்தில் காணாமல் போய்விட்டது! அதை மீட்டுத் தரக்கூடியது சம்பளச் சீட்டும், சம்பளம் முழுவதும் வந்து விழுந்த வங்கிக் கணக்கும்தான். சொக்சோ கணக்கில் ஓவர்டைமும் சம்பளமாகச் சேர்க்கப்படுகிறது. ஆனால் சொக்சோ அறிக்கையைக் கொண்டு வா என்று கேட்கிற கார்டு மனுபாரத்தைக் காண்பது அரிது. நம் உழைப்பு எதில் தெரியுமோ அதைக் கேட்கவில்லை. எதில் தெரியாதோ அதைக் கேட்கிறார்கள்.

24,000-ம் 20,400-ம்

இன்னொரு கணக்கு. இதை அமைச்சர்களும் சேர்ந்து படிக்கட்டும்.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025-ல் 1,700 ஆனது. முழு நேரம் உழைக்கிற மனிதனுக்கு இவ்வளவு போதும் என்று அரசாங்கம் முடிவு செய்த தொகை இது. வருடத்துக்கு 20,400 வெள்ளி.

மறுபக்கம் பேங்க் நெகாரா என்ன சொல்கிறது? 24,000 வெள்ளிக்குக் கீழே சம்பாதிப்பவர் ஒரு சிறிய கார்டுக் கடனைக்கூடத் தாங்க மாட்டார் என்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு கை சொல்கிறது: "20,400-ல் வீட்டு வாடகை கட்டு, பிள்ளைகளைப் படிக்க வை, அம்மாவுக்கு மருந்து வாங்கு, பஸ் ஏறு, அரிசி வாங்கு." இன்னொரு கை சொல்கிறது: "20,400 வாங்குகிறவனிடம் எதிர்பாராத செலவுக்கு ஒரு வெள்ளிகூட மிஞ்சாது, அவனுக்குக் கடன் கொடுக்காதே." இரண்டாவது கை சொல்வதுதான் உண்மை என்றால் முதல் கை எழுதிய சம்பளம் பட்டினிச் சம்பளம் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது!

அதனால்தான் நாம் கார்டுத் தகுதியைக் குறை என்று கேட்கவில்லை. சம்பளத்தை உயர்த்து என்று கேட்கிறோம். கடன் வாங்கும் உரிமைக்கு முன்னால் கடன் வாங்காமல் வாழும் உரிமை வேண்டும்.

விதி ஒன்று, விழுகிற இடம் வேறு

"விதி எல்லா இனத்துக்கும் ஒன்றுதானே, இதில் எதற்கு இனப் பிரச்சனை?" என்று கேட்பவர்கள் உண்டு. பதில் சொல்வோம்.

வங்கிக்கு நம் தோலைப் பார்த்து மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. சம்பளச் சீட்டைக் கேட்டாலே போதும். ஏனென்றால் சீட்டு இல்லாத வேலைகளுக்கு நம்மவர்களைத் தள்ளிவிட்ட வரலாறு ஏற்கெனவே தன் வேலையை முடித்துவிட்டது.

நம் பாட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி மூலமாகவும் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதன் பிறகும் தோட்டத்தில் மனிதனின் கணக்கு செக்ரோலில்தான் இருந்தது. பிரட்டுக்குப் போனானா, எத்தனை பேர் போட்டான் என்பதெல்லாம் கிராணியின் கையெழுத்தில். தொழிலாளி தன் கணக்கைத் தானே கையில் வைத்திருந்ததில்லை. லயத்து வீடும் தோட்டத்தினுடையது, ஆயக்கொட்டகையும் தோட்டத்தினுடையது, கணக்குப் புத்தகமும் தோட்டத்தினுடையது.

பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன. வீடமைப்புப் பகுதிகளும் கோல்ப் திடல்களும் வந்தன. நம் மக்கள் நகரத்து ஓரங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். கிடைத்த வேலை என்ன? லாரி, காவல், துப்புரவு, புல் வெட்டுதல், சாப்பாட்டுக் கடை, தினச்சம்பளம். அரசாங்கப் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் துப்புரவு வேலை கண்ட்ராக்டுக்குப் போனது. ஒரே பள்ளியில் பத்து வருடம் கூட்டுகிற அம்மாவுக்குக் கண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் வேலை புதிதாகத் தொடங்குகிறது. சீருடை மாறுகிறது, முதலாளி பெயர் மாறுகிறது, பழைய சேவைக் காலம் பூஜ்யமாகிறது. வங்கி மனுபாரத்தில் "இந்த முதலாளியிடம் எத்தனை வருடம்?" என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதுவார்? பத்து வருடம் உழைத்தவர் "நான்கு மாதம்" என்று எழுதுகிறார்!

சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் முடி நரைத்து, பிரஜாவுரிமைக்காக இலாகா இலாகாவாக நடப்பவரிடம் வங்கி சம்பளச் சீட்டுக்கு முன்னாலேயே வேறு ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறது.

2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப்புகையில் நின்ற மக்கள் கார்டு கேட்டு நிற்கவில்லை. ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்திய காரணங்களில் இதுவும் அடங்கும்: உழைத்தும் கணக்கில் வராத வாழ்க்கை.

ஆலோங் கேட்கும் சான்று

வங்கி கதவை மூடினால் தேவை நின்றுவிடுமா? மாமியாருக்கு நெஞ்சு வலி, மோட்டார் சைக்கிள் இன்ஜின் போய்விட்டது, வீட்டில் சாவு, பிள்ளைக்குக் கல்லூரிப் பதிவுக் கட்டணம். இவையெல்லாம் சம்பளச் சீட்டுக்குக் காத்திருக்காது.

அப்போதுதான் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிற தொலைபேசி எண் கண்ணில் படுகிறது. ஆலோங் சம்பளச் சீட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அடையாளக் கார்டு நகல் போதும், ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் போதும், வீட்டு முகவரி போதும். அவன் கேட்கும் வருமானச் சான்று உங்கள் வீட்டு வாசல்தான். கட்டாவிட்டால் சிவப்புச் சாயம் அங்கேதான் வந்து விழும்.

1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆலோங் மாதத்துக்கே நூற்றுக்குப் பத்து, இருபது என்று வாங்குகிறான். ஏடிஎம் கார்டை அவனிடம் கொடுத்துவிட்டால் வட்டி மட்டும் போவதில்லை. யாரோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கில் வந்து இறங்கிப் போகலாம். போலிஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான்.

இப்போது "இன்றைக்கு வாங்கு, பிறகு கட்டு" என்று கைத்தொலைபேசியிலும் கடன் வருகிறது. சம்பளச் சீட்டு கேட்பதில்லை, இரண்டு தட்டுத் தட்டினால் போதும். இத்தகைய கடன்களைக் கட்டுப்படுத்தத்தான் நுகர்வோர் கடன் சட்டம் 2025-ல் நாடாளுமன்றத்துக்கு வந்து நிறைவேறியது. நல்லது. ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது என்பதை 1957-லிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம்.

"சீட்டு நான் பார்த்துக்கிறேன், அண்ணே!"

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பேரங்காடியிலும் பாசார் மாலாமிலும் மேசை போட்டு, பயணப் பை இலவசம் என்று கூப்பிடுகிறவர்களில் எல்லாரும் மோசமானவர்கள் அல்லர். ஆனால் கமிஷனுக்காக எதையும் செய்கிற ஏஜென்டுகள் உண்டு. "சம்பளச் சீட்டு இல்லையா? கவலை வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள். பொய்ச் சீட்டு தயாராகும். 1,700 வெள்ளி சம்பளம் 5,000 ஆகும். கேள்விப்படாத கம்பெனியில் நீங்கள் சூப்பர்வைசர் ஆகிவிடுவீர்கள்.

அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் தயாரிப்பது குற்றவியல் சட்டத்தின் 468-ஆம் பிரிவு. அதை உண்மையானது என்று காட்டுவது 471-ஆம் பிரிவு. சிறைத் தண்டனை உண்டு. ஏஜென்ட் கமிஷனோடு போய்விடுவான். நீங்கள் கோர்ட்டுக்குப் போவீர்கள்.

அதைவிட மோசமான விஷயம் கணக்கில் இருக்கிறது. உண்மையாகவே 2,000 வெள்ளி சம்பாதிக்கிறவருக்கு விதிப்படி ஒரு கார்டில் 4,000, இரண்டு கார்டில் 8,000 வெள்ளிதான் உச்ச அளவு. அந்த 8,000-ஐயும் தேய்த்துத் தீர்த்துவிட்டால் 18 விழுக்காட்டில் மாத வட்டி மட்டும் 120 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 400 வெள்ளி. சேமநிதி போகக் கையில் வருவது 1,780-க்கும் குறைவு. அதில் 400 கார்டுக்கே போனால் வீட்டில் உலை கொதிக்குமா? உண்மைச் சீட்டிலேயே நிலை இது. பொய்ச் சீட்டில் 5,000 சம்பளம் என்று எழுதினால் எத்தனை ஆயிரம் கடன் தலையில் விழும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

"ஐசி மட்டும் கொடுங்கள் அக்கா, பேருக்குத்தான், நான் கட்டிக்கிறேன்" என்று சொந்தக்காரர்கள் கேட்பதும் இதே கதைதான். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ கடனும் அவர் பெயரில்தான். மச்சான் கட்டாவிட்டால் வங்கி மச்சானைத் தேடாது.

"ஏழைக்கு எதற்குக் கார்டு?"

நம்முள்ளேயே சிலர் இப்படிக் கேட்கிறார்கள். வசதியாகக் கார்டை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்! கார்டு எல்லாருக்கும் வேண்டும் என்பது நம் வாதம் அல்ல. கட்ட முடியாதவர் வாங்கவே கூடாது. வாங்கியவர் மாதா மாதம் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுக்கவே கூடாது. அதற்குத் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி.

ஆனால் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் தொழிலாளியாக இருக்க வேண்டும். சீட்டுக் கொடுக்காத முதலாளி அந்த முடிவை அவருக்காகச் செய்துவிடக் கூடாது. இன்றைக்குக் கார்டுக்குக் கேட்கிற அதே சீட்டைத்தான் நாளைக்கு வீட்டுக் கடனுக்குக் கேட்பார்கள், பிள்ளையின் கல்விக் கடனுக்குக் கேட்பார்கள், விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டு வழக்கில் வக்கீல் கேட்பார். சம்பளச் சீட்டு இல்லாத மனிதன் இந்த நாட்டின் எல்லா முகப்பிலும் பாதி மனிதன்.

நாம் உடனே செய்ய வேண்டியவை

1. இந்த மாதச் சம்பளத்திலிருந்தே சீட்டைக் கேளுங்கள். வாயால் கேட்டுப் பயனில்லை என்றால் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், அது சாட்சியாக நிற்கும். ஐந்து பேர் சேர்ந்து கேளுங்கள். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவது எளிது, ஐவரை நிறுத்துவது கடினம்.

2. சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில், அடுத்தவர் பெயரில் வேண்டாம்.

3. சேமநிதி ஐ-அக்காவுனை மாதா மாதம் பாருங்கள். தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. பிடித்த பணம் வந்து சேரவில்லை என்றால் சேமநிதி வாரியத்தில் புகார் செய்யுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம்.

4. சீட்டும் இல்லை, ஓவர்டைமும் சரியில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். புகாருக்குப் பணம் வேண்டாம், வக்கீல் வேண்டாம். 2023 தொடக்கத்திலிருந்து வேலைச் சட்டம் எந்தச் சம்பளம் வாங்குகிறவருக்கும் பொருந்தும்.

5. ஓவர்டைமால் 24,000-ஐத் தாண்டுபவர்கள் சேமநிதி அறிக்கையை மட்டும் கொடுக்காதீர்கள். சம்பளச் சீட்டும் ஆறு மாத வங்கிக் கணக்கறிக்கையும் சேர்த்துக் கொடுங்கள். ஓவர்டைமை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். அது வங்கிக்கு வங்கி மாறும்.

6. அடையாளக் கார்டு நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே "இந்த வங்கியின் கார்டு மனுவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். நடுத்தெருவில் ஏஜென்டிடம் கொடுக்காமல் கிளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

7. மறுத்துவிட்டார்கள் என்று ஒரே வாரத்தில் ஐந்து வங்கிக்கு மனுப் போடாதீர்கள். மனுக்களும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் தெரியும். முதலில் உங்கள் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், அது இலவசம். தவறு இருந்தால் திருத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் என்ன என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

8. ஏற்கெனவே கடனில் சிக்கியவர்கள் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம், ஏகேபிகேவுக்குப் போங்கள். ஆலோசனை இலவசம். பணம் கொடுத்தால் கடனைத் தீர்த்துவைக்கிறேன் என்று வருபவனை நம்பாதீர்கள்.

நம் கோரிக்கைகள்

மனிதவள அமைச்சுக்கு: பள்ளி, ஆஸ்பத்திரி, அரசாங்கக் கட்டடக் குத்தகைகளை எடுக்கும் ஒவ்வொரு கண்ட்ராக்டரும் சம்பளச் சீட்டு, சேமநிதி, சொக்சோ ஆதாரங்களை மாதா மாதம் காட்டினால்தான் அரசாங்கம் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். காட்டாதவரின் குத்தகை புதுப்பிக்கப்படக் கூடாது. கண்ட்ராக்டர் மாறினாலும் தொழிலாளியின் சேவைக் காலம் தொடர வேண்டும்.

பேங்க் நெகாராவுக்கு: சம்பளச் சீட்டு இல்லாதவர் வேறு எந்தச் சான்றைக் காட்டலாம் என்று எல்லா வங்கிகளும் ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். சொக்சோ பதிவும் தொடர்ச்சியான சம்பள வரவும் அதில் இருக்க வேண்டும். மறுக்கும்போது காரணத்தைத் தெளிவாக எழுதித் தர வேண்டும்.

நம் தலைவர்களுக்கு: ஆண்டுக்கு ஒரு முறை அரிசி மூட்டையோடு வந்து படம் எடுத்துக்கொண்டது போதும். உங்கள் தொகுதியில் சம்பளச் சீட்டுக் கொடுக்காத முதலாளி எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேளுங்கள். 1960-ல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். விற்பனைக்கு வந்த தோட்டங்களை உழைத்தவர்களின் பணத்தாலேயே வாங்கிக் காட்டினார். இன்றைக்கு நகரத்துத் தொழிலாளிக்கு அவசரத் தேவைக்கு ஐந்நூறு, ஆயிரம் வெள்ளி நியாயமான வட்டியில் கொடுக்க ஒரு கூட்டுறவை உங்களால் நடத்த முடியாதா?

தமிழா, நம் தாத்தாவின் கணக்கு கிராணியின் புத்தகத்தில் இருந்தது. நம் அப்பாவின் கணக்கு கண்ட்ராக்டரின் சட்டைப் பையில் இருந்தது. நம் கணக்கு நம் கையில் இருக்கட்டும். இந்த மாதச் சம்பள நாளில் பணத்தை எண்ணுவதற்கு முன் கையை நீட்டிக் கேளுங்கள்: சீட்டு எங்கே?

படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அச்செடுத்துக் கோயில் பலகையிலும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் ஒட்டுங்கள்.